காக்கா சொல்லிச்சு

இஸ்மாயில் காக்காவின் வேலையைப் பறித்தது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்; ஆறு நாள் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் வாய் என்னுடையது, வார்த்தையும் என்னுடையது. அதனால் அவரைப் பற்றி யாராவது எழுதுவதென்றால் அதை நான் எழுதுவதுதான் முறை.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வம்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும், எங்களுக்கு வராது. இஸ்மாயிலுக்கு அந்த ஊர். நான் வேலை பார்த்த இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் அவர் வேன் டிரைவர். காலையில் தருவைகுளத்துக்கும் திரேஸ்புரத்துக்கும் போய், இறால் உரிக்கிற பெண்கள் இருபத்திரண்டு பேரை ஏற்றி வருவார். சாயங்காலம் கொண்டுபோய் விடுவார். சிலுவை போட்டுக்கொண்டு வண்டியில் ஏறுகிற பெண்களிலிருந்து, அவரைவிடப் பத்து வயது மூத்த முதலாளி காசிலிங்கம் அண்ணாச்சி வரைக்கும் எல்லோருக்கும் அவர் காக்காதான்.

பத்தொன்பது வயதில் தம்மாம் போனவர். ஒரே அரபி வீட்டில் இருபத்திரண்டு வருடம் வீட்டு டிரைவர். வாப்பா மௌத்தானபோது டிக்கெட் கிடைத்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்து ஏழாம் நாள் ஆகிவிட்டது. காயல்பட்டின வழக்கப்படி கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வந்து அந்த வீட்டில் விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுத் திரும்பிவிடுவாராம். "எந்த சுவிட்சப் போட்டா எந்த லைட்டு எரியும்னு இன்னைக்கும் எனக்குச் சரியாத் தெரியாது" என்பார். அவர் தன்னைப் பற்றிச் சொன்ன நீளமான பேச்சே அவ்வளவுதான்.

அவர் ஊமையில்லை. கேட்டால் பதில் சொல்வார். ஆனால் ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடம் கொண்டுபோக மாட்டார். அரபி வீட்டில் என்னென்ன நடந்தது என்று அவர் மனைவி ருகையா எத்தனையோ தடவை கிளறிப் பார்த்திருக்கிறார். "ஈச்சம்பழம் நல்லா இருக்கும்" என்பதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை. எங்கள் வேனில் அந்தப் பெண்கள் பேசுகிற பேச்சு இருக்கிறதே, புருஷன், மாமியார், சூப்பர்வைசர், சீட்டு, சங்கடம், எல்லாவற்றையும் கொட்டுவார்கள். எனக்கே காது சிவந்துவிடும். காக்கா பதினொரு வருடம் அதைக் கேட்டுக்கொண்டு வண்டி ஓட்டினார். "வண்டியில கேட்டது வண்டியோட" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். அப்போது அது ஏதோ டிரைவர்கள் பேசுகிற வீராப்பு என்று நினைத்தேன்.

இனி என்னைப் பற்றி. இசக்கிசெல்வி, சொந்த ஊர் உடன்குடிப் பக்கம், மில்லர்புரத்தில் அம்மாவோடு குடியிருக்கிறேன். கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்களும் வெளிநாட்டு மெயில்களும் என் பொறுப்பு. காசிலிங்கம் அண்ணாச்சி ஐஸ் பெட்டி சுமந்து மேலே வந்தவர். ஆளை ஒரு பார்வையில் எடை போட்டுவிடுவார், இங்கிலீஷ் மட்டும் வராது. மெயில் வந்தால் என்னைக் கூப்பிட்டு, "ஏளா, என்ன எழுதிருக்கான்? உள்ளது உள்ளபடி சொல்லு" என்பார். நான் சொல்லுவதுதான் அவருக்கு இங்கிலீஷ். அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இறால் உரிக்கிற ஹாலுக்குப் பின்பக்கம் ஒரு எமர்ஜென்சி கதவு. அது வழியாகச் சரக்கு திருட்டுப்போகிறது என்று அண்ணாச்சி அதற்கு வெளியே ஒரு பூட்டைப் போட்டுவிட்டார். போன மாசியில் ஒருநாள் அமோனியா குழாய் கசிந்தது. முன்பக்கம் புகை. பெண்கள் பின்கதவுக்கு ஓடினார்கள். சாவி வந்து சேர எட்டு நிமிஷம் ஆயிற்று. திரேஸ்புரத்து ஜாஸ்லின் கதவை அடித்து அடித்தே கை வீங்கி, கண் இரண்டும் பழுத்து, ஒரு வாரம் வெளிச்சம் பார்க்க முடியாமல் கிடந்தாள். யாரும் சாகவில்லை. அதனால் எல்லோரும் மறந்துவிட்டார்கள், பூட்டு அப்படியே இருந்தது. நான் இரண்டு தடவை அண்ணாச்சியிடம் சொன்னேன். "பாப்போம்" என்றார். அந்தப் பாப்போம் என்னவென்று எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

சரக்கு வாங்கும் லண்டன் கம்பெனியிலிருந்து வைகாசியில் கிரஹாம் என்ற இன்ஸ்பெக்டர் வந்தார். வருஷா வருஷம் வருகிறவர்தான். அன்றைக்குப் பூட்டைக் கழற்றி, கதவைத் துடைத்து, பக்கத்தில் ஒரு தொட்டிச் செடிகூட வைத்திருந்தார்கள். கிரஹாம் பார்த்து, நல்லது என்று டிக் போட்டார். எனக்கு வயிறு எரிந்தது. சாயங்காலம் அவரை வாகைக்குளம் ஏர்போர்ட்டில் விட வேனில் போனோம். காக்கா ஓட்டினார், பின்னால் கிரஹாமும் நானும். வேறு ஆள் இல்லை. "வேறு ஏதாவது நான் தெரிந்துகொள்ள வேண்டியது உண்டா?" என்று அந்த மனிதர் சம்பிரதாயத்துக்குக் கேட்டார். நான் சொல்லிவிட்டேன். அந்தக் கதவு இன்றைக்கு மட்டும்தான் திறந்திருந்தது, மற்ற நாளெல்லாம் வெளியே பூட்டு என்று. ஜாஸ்லினின் கண்ணையும் சொன்னேன். உன் பெயர் வெளியே வராது என்று அவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

காக்காவுக்கு இங்கிலீஷ் புரியும், அது எனக்குத் தெரியும். ஆனால் கண்ணாடியில் அவர் கண் ரோட்டைவிட்டு நகரவில்லை. திரும்பி வரும்போது, "பசிக்கலையா தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார்.

பதினோராம் நாள் மெயில் வந்தது. சாதாரண நாட்களில் பின்கதவு பூட்டியிருக்கிறதாமே, இரண்டு வாரத்துக்குள் உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற கதவு போட்டுப் படம் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் சரக்கு எடுக்க மாட்டோம் என்று எழுதியிருந்தார். வாக்கியத்தின் தொடக்கம்: 'எ லிட்டில் பேர்ட் டோல்ட் மீ.' ஒரு குட்டிப் பறவை வந்து என்னிடம் சொன்னது. ரகசியத்தைச் சொல்லலாம், சொன்ன ஆளைச் சொல்லக் கூடாது என்கிறபோது இங்கிலீஷ்காரர்கள் பேசுகிற பேச்சு அது. கிரஹாம் என்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினார், பாவம்.

அண்ணாச்சி மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்தார். "யாரு சொன்னான்னு எழுதிருக்கானா?"

ஒரு சின்னப் பறவை சொன்னது என்று சொன்னால் 'என்னளா உளறுத?' என்பார். நம் ஊரில் சொன்னவர் பெயரை மறைக்க என்ன சொல்லுவோம்? யோசிக்கவே இல்லை, நாக்கு முந்திக்கொண்டது.

"காக்கா வந்து சொல்லிச்சுன்னு எழுதிருக்கான் அண்ணாச்சி."

நல்ல மொழிபெயர்ப்பு என்று அரை நொடி எனக்கே என்மேல் ஒரு மெச்சல். அப்புறம் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன். எங்கள் பக்கத்துப் பேச்சில் பறவைக்கும் 'சொல்லிச்சு'தான், உறவுக்கும் 'சொல்லிச்சு'தான். அண்ணன் வந்துச்சு, அக்கா சொல்லிச்சு என்போம். காக்கா சொல்லிச்சு என்றால் எந்தக் காக்கா என்பதற்கு அதில் ஒரு அடையாளமும் இல்லை.

"நம்ம காக்காவா?" என்றார். குரல் இறங்கிவிட்டது. "ஏர்போர்ட்டுக்கு அவருதான போனாரு."

இல்லை அண்ணாச்சி, அது பறவை என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயிலேயே அடுத்த கேள்வி வந்து நின்றது. காக்கா இல்லையென்றால் அந்த வேனில் வேறு யார் இருந்தது? வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் அதுதான், அதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

காக்காவைக் கூப்பிட்டார்கள். அண்ணாச்சி அவரை உட்காரச் சொல்லவில்லை.

"என்னவே காக்கா, வெள்ளக்காரன்கிட்ட என்ன ஓதினீரு?"

"நான் ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி."

"கதவப் பத்தி அவனுக்குத் தெரிஞ்சிருக்கே. நீரு சொல்லலேன்னா வேற யாரு சொன்னா?"

காக்கா என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். சாப்பிட்டாயா என்று கேட்கிற பார்வை அது. அப்புறம் தரையைப் பார்த்தார். அவர் பேசாததையே அண்ணாச்சி ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். "உண்ட வீட்டக் காட்டிக் குடுத்துட்டீரே" என்றார். காக்கா சாவியை மேஜையில் வைத்துவிட்டு, சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆறு நாள் போயிற்று. புது டிரைவர் வந்தான். வேனில் ஒருத்தியும் வாய் திறப்பதில்லை என்று ஜாஸ்லின் சொன்னாள். "காக்கா சொல்லிருக்காதுளா. அது எதையுமே சொல்லாதே" என்றாள். நான் ஃபைலைப் புரட்டினேன்.

அந்த ஆறு நாளும் வீட்டில் உட்கார்ந்து அந்தக் குட்டிப் பறவை எங்கிருந்து வந்தது என்று போனில் தேடினேன். குற்றவாளிக்கு ஆராய்ச்சி நன்றாக வரும். ராஜாவை மனசுக்குள்கூட ஏசக் கூடாது, ஆகாயத்தில் போகிற பறவை அதைக் கொண்டுபோய்விடும் என்று பைபிளில் சாலமோன் பெயரில் ஓர் எச்சரிக்கை உண்டாம், அதுதான் மூலம் என்று பலர் சொல்கிறார்கள். 'குட்டி' என்ற சொல் பிற்பாடு எப்போதோ ஒட்டிக்கொண்டதாம். யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. எனக்கு வேறொன்று உறுத்தியது. நம் பாஷையில் ரகசியம் வெளியே வந்தால் 'போட்டு உடைச்சிட்டான்' என்போம், 'உளறிக் கொட்டிட்டா' என்போம். உடைத்தவனும் கொட்டியவளும் அங்கேயே நிற்பார்கள். இந்தப் பறவை மட்டும் சொல்லிவிட்டுப் பறந்துவிடுகிறது.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காயல்பட்டினம் போனேன். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். காக்கா முற்றத்தில் ஒரு மின்விசிறியைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். ருகையா மைனி ஒரு கிளாஸ் தேயிலை கொடுத்துவிட்டுக் குமுறினார். இரண்டு இடத்தில் டிரைவர் வேலை கேட்டுப் போனாராம், இரண்டிலும் ஆள் வேண்டாம் என்றுவிட்டார்களாம். வெள்ளைக்காரனிடம் ஓதிய டிரைவர் என்ற பேச்சு அவருக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

நான் மெயிலை விளக்கினேன். வெள்ளைக்காரன் எழுதியது பறவை, அண்ணாச்சி எடுத்துக்கொண்டது இந்தக் காக்கா என்று. மைனிக்கு முதலில் சிரிப்பு வந்தது. உடனே கோபம் வந்தது.

"அப்போ மெய்யாலுமே சொன்னது யாரு?"

"அத விடு" என்றார் காக்கா, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

"ஏன் விடணும்? சுலைமான் நபி பறவையளக் கூட்டிப் பாத்தப்போ ஹுத்ஹுதுங்கிற பறவையக் காணோம். வந்து காரணம் சொல்லலேன்னா அறுத்துப்புடுவேன்னாஹ. அது ஒளிஞ்சுதா? நேரா வந்து முன்னால நின்னு, நான் ஸபா நாட்டுல இருந்து சேதி கொண்டாந்திருக்கேன்னு தன் வாயால சொல்லிச்சு. அது பறவ. இது என்ன பறவ? காக்கா கூட்டுல முட்டையப் போட்டுட்டு ஓடிப்போற குயிலு இது. இவுஹ உக்காந்து அடைகாக்குறாஹ."

நான் வந்த காரியத்தைச் சொல்லவில்லை. அந்த வீட்டில், அந்த அம்மாள் முகத்துக்கு நேராக, எனக்கு வாய் வரவில்லை. காக்கா பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். "நீ ஒண்ணும் சொல்லிக்கிட்டு நிக்காத தங்கச்சி. ஒன்ன நம்பி உங்கம்மா இருக்காஹ. எனக்கு ஒரு வண்டி கிடைக்காமயா போயிரும்?" என்றார். கிடைக்காது என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

திங்கட்கிழமை காலை அண்ணாச்சி அறைக்குப் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, வெள்ளக்காரன் எழுதினது பறவையப் பத்தி. அது ஆளு பேர மறைக்கதுக்குச் சொல்லுத சொல்லு. நம்ம காக்கா ஒண்ணும் சொல்லல. வேன்ல வச்சுச் சொன்னது நான்."

அவர் நம்பவில்லை. "அந்த மனுசனுக்காகப் பொய் சொல்ல வந்துட்டியாளா?" என்றார். நான் மறுபடி சொன்னேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"காக்கா, செல்வி இங்கன வந்து நிக்கா. வேன்ல வெள்ளக்காரன்கிட்ட தான்தான் சொன்னேங்கா. நீரு அங்கன இருந்தீரு. அவ சொன்னது ஒம்ம காதுல விழுந்துச்சா இல்லியா? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லும். நாளைக்கே வந்து சாவிய வாங்கிக்கிடும்."

போனில் ஒரு பைக் போகிற சத்தம் கேட்டது. அப்புறம் காக்காவின் குரல்.

"வண்டி ஓட்டுறவனுக்குப் பின்னால பேசுறது எங்க கேக்கும் அண்ணாச்சி? எனக்கு ஒண்ணும் விழல."

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஒரு 'ஆமா'. அதைச் சொன்னால் வேலையும் கிடைக்கும், போன பெயரும் கிடைக்கும். மனுஷன் அதையும் சொல்ல மாட்டேன் என்கிறார். அண்ணாச்சி போனை அணைத்தார். வெகுநேரம் மேஜைக் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தன் வேலைக்காகக்கூட வாயத் தொறக்க மாட்டேங்காரு" என்றார் கடைசியில், தனக்குள் பேசுகிற மாதிரி. "இந்த மனுசனா வெள்ளக்காரன்கிட்ட போய்ச் சொல்லிருப்பாருன்னு நம்பிட்டனே. எனக்கு என்ன கேடு வந்துச்சு?" அவர் கண் கலங்கியிருந்தது. கெட்ட மனிதர் இல்லை அவர். பூட்டுப் போட்டது கெட்ட காரியம், அவ்வளவுதான்.

என் பக்கம் திரும்பினார். "ஏளா, ஒம்மேல கோவம்னு சொல்ல முடியல. கதவு வெசயத்துல தப்பு எம்மேல. ஆனா எனக்கு இங்கிலீஷே நீதான். இனிமே நீ வாசிச்சுக் காட்டுதத நான் எப்படி நம்பிக் கையெழுத்துப் போட? நீ வேற இடம் பாத்துக்க."

அது நியாயம்தான். கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று மாலையே அண்ணாச்சி தானே காரை எடுத்துக்கொண்டு காயல்பட்டினம் போய், காக்காவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு வந்ததாக ஜாஸ்லின் போனில் சொன்னாள். அந்த வாரத்திலேயே தள்ளினால் திறக்கிற கதவும் வந்துவிட்டதாம். நான் இரண்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் சேர்ந்தேன்.

சேருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், நான் ஆபீஸில் விட்டுவந்த குடையையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு காக்கா மில்லர்புரத்துக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னால், வண்டி ரோட்டில் நிற்கிறது என்றார். எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"ஏன் காக்கா அப்படிச் சொன்னீங்க? நானே வந்து ஒத்துக்கிட்டாச்சு. ஆமான்னா எனக்குப் புதுசா என்ன ஆயிரப் போவுது? உங்களுக்கு எல்லாம் சரியாயிருக்குமே."

"பொய்தான் சொன்னேன். அல்லாஹ் மன்னிக்கணும்" என்றார். "ஒன்ன நெனச்சு மட்டும் சொல்லல தங்கச்சி. ஸ்பீக்கர்ல போட்டிருந்தாஹ, வெளிய ஆளுக நின்னிருக்கும். அன்னைக்குச் சாயங்காலமே ஹாலு முழுக்கப் பரவியிருக்கும், காக்காவுக்கு வண்டியில பேசுறதெல்லாம் கேக்கும்னு. இருபத்திரெண்டு பொம்பளைக. வீட்டுல பேச வழியில்ல, ஹாலுல பேச வழியில்ல. அந்த முக்கா மணி நேரந்தான் அவுஹளுக்கு. எனக்குக் கேக்கும்னு தெரிஞ்சா, அப்புறம் அவுஹ எங்க போயிப் பேசுவாஹ?"

நான் அழுதுவிட்டேன். வெட்கத்தில் பாதி, அந்த மனிதர்மேல் வந்த பாசத்தில் பாதி. காக்கா குடையைக் கதவோரம் சாய்த்து வைத்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். நான் அழுது முடிக்கிற வரைக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.